பாதிப் படத்துக்குச் சுறாவே வராத ஜாஸ்: ஸ்பீல்பெர்க்கின் சாமர்த்தியமா, ரப்பர் பொம்மையின் ரிப்பேரா?

கடலோடி:
நேத்து ராத்திரி ஸ்பீல்பெர்க் இயக்கின சுறாப் படம் ஜாஸ் (1975) மறுபடி பார்த்தேன். பத்தாவது படிக்கிற என் பையனும் கூட இருந்தான். கடைசியில சுறா படகு மேல ஏறி விழுந்ததும் கெக்கெக்கேனு சிரிச்சுட்டான். அவனைத் தப்பு சொல்ல முடியல, பார்த்தா ரப்பர்னு தெரியுது. சுறாவைக் காட்டாம மிரட்டினதுதான் மேதைமைனு 50 வருஷமா சொல்றோம். பொம்மை வேலை செய்யல, அதனால காட்டல. அவ்ளோதானே?

பழைய ரீல்:
பொம்மை மக்கர் பண்ணுச்சு, உண்மை. ஸ்பீல்பெர்க் தன் வக்கீல் பேரையே அதுக்கு வச்சு புரூஸ்னு கூப்பிட்டார். நல்ல தண்ணில ஓட்டிப் பார்த்துட்டு படம் எடுத்த மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக் கடல்ல இறக்கினாங்க, உப்புத் தண்ணி அதைத் தின்னுடுச்சு. 55 நாள் திட்டம் 159 நாளா இழுத்துச்சு. ஆனா இதே நிலைமையில வேற ஆளா இருந்தா படமே மூழ்கியிருக்கும். சுறாவைக் காட்டுறதுக்குப் பதிலா, அது மேல மாட்டின மஞ்சள் பீப்பாயை மிதக்க விடணும்னு தோணுச்சே, அது சாமர்த்தியம் இல்லையா?

கடலோடி:
பீப்பாய், படத்துக்கு மூலமான பீட்டர் பெஞ்ச்லி நாவல்லயே இருக்கு சார். படிச்சுட்டு வாங்க.

பழைய ரீல்:
சரி, அது என் தப்பு.

நந்தினி:
ரெண்டு பேரும் வெர்னா ஃபீல்ட்ஸை மறந்துட்டீங்க. எடிட்டிங்குக்கு ஆஸ்கர் வாங்கினது அவங்கதான். கஷ்டப்பட்டு எடுத்த சுறா ஷாட்டை இன்னும் கொஞ்சம் வைக்கலாம்னு இயக்குநர் கேட்பாராம், பொம்மைனு தெரிஞ்சிடும்னு இவங்க வெட்டிடுவாங்களாம். முன்னோட்டக் காட்சிக்கு அப்புறம், ஜனங்க இன்னொரு தடவை அலறணும்னு, உடைஞ்ச படகுல செத்தவன் தலை வர்ற சீனை இவங்க வீட்டு நீச்சல் குளத்துலயே எடுத்தாங்க. குளத்துல பால் பவுடரைக் கரைச்சுக் கடல் மாதிரி கலங்க வச்சாங்க. இதுவும் விபத்தா?

கடலோடி:
அப்ப எடிட்டரையும் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸையும் கொண்டாடுங்க. அந்த ரெண்டு ஸ்வரம் இல்லேன்னா வெறும் தண்ணிதான். இசையை வச்சு பயமுறுத்துறது சுலபமான வேலை.

பழைய ரீல்:
இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். பசங்க அட்டையில செஞ்ச சுறாத் துடுப்பைக் கட்டிக்கிட்டு ஏமாத்துற சீன்ல அந்த இசை வராது. சுறா இல்லை, அதனால இசை இல்லை. படம் நம்மகிட்ட நாணயமா நடந்துக்குது. நாமளும் நம்பிடுறோம். அப்புறம் ஒரு மணி இருபது நிமிஷத்துல போலீஸ் அதிகாரி பிராடி வாய்ல சிகரெட்டோட, எரிச்சல்ல முனகிக்கிட்டே மீன் கழிவை அள்ளிக் கடல்ல போடுறான். பின்னாடி திரும்பக்கூட இல்ல. இசை இல்லாமலே சுறாவோட தலை வந்து நிக்குது! ஒரு மணி நேரம் பழக்கின வழக்கத்தை ஒரே ஷாட்ல உடைக்கிறார் ஸ்பீல்பெர்க். மெஷின் ரிப்பேரானா இதெல்லாம் தானா வந்துடுமா?

மீன்குஞ்சு:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். இந்தப் படத்தால சுறாவுக்கு வந்த கெட்ட பேரைப் பத்தி யாருமே பேசலையே? பெஞ்ச்லியே அதுக்கு வருத்தப்பட்டு, பின்னாடி கடல் பாதுகாப்புக்காக உழைச்சார்.

நந்தினி:
நியாயம்தான். அதுக்குத் தனி இழை போடுங்க, வர்றேன்.

கடலோடி:
இசை விஷயம் யோசிக்க வைக்குது, ஒத்துக்கிறேன். ஆனா கடைசி இருபது நிமிஷம் இப்பவும் எனக்குக் காமெடிதான். இன்னொன்னும் சொல்லிடறேன். ரெண்டு பேர் ராத்திரில இறைச்சியைச் சங்கிலியில கட்டிப் போட்டுக் காத்திருப்பாங்களே, சுறா மரத்துறையையே பிச்சு இழுத்துட்டுப் போகும், ஒருத்தன் தண்ணில விழுவான். மிதந்து போன மரத்துண்டு மெதுவா யூ டர்ன் அடிச்சு அவனைப் பார்த்து வரும். சுறாவோட நுனி கூடத் தெரியாது. பையன் அங்க சிரிக்கல. காலை சோபா மேல தூக்கி வச்சுக்கிட்டான்.