வைகை மணல் அள்ளுனா திரும்ப வந்துருமா?

செட்டிநாட்டான்:
காரைக்குடில வீட்டு வேலை பாதில நிக்குது, ஆத்து மணல் லோடு கெடைக்கல. எங்க ஐயா வைகை மணல வச்சுத்தான் வீடு கட்டுனாரு. ஒரு வெள்ளம் வந்தா மணல் தானா வந்துரும், இதுக்கு எதுக்கு இத்தன தடை?

மானாமதுரைக்காரன்:
அண்ணே, ஐயா காலத்துல மாட்டு வண்டி, இப்ப பொக்லைன். வருசநாட்டு மலையில பாறை வெயில்லயும் மழைலயும் இத்து ஒடைஞ்சு, ஓடையில உருண்டு தேஞ்சு மணலாக ஆயிரக்கணக்கான வருசம் ஆகும். வண்டல் தண்ணியில கலங்கி மிதந்தே வந்துரும், மணல் கனம், அடியில உருண்டும் துள்ளியும்தான் நகரும், அதுவும் நல்ல வேகம் இருந்தாத்தான். 1959ல வைகை அணை வந்துச்சு, அங்க தண்ணி நின்ன ஒடனே வேகம் போயி மணல் உள்ளயே படிஞ்சிருது.

செட்டிநாட்டான்:
அணைக்குக் கீழ எத்தன ஓடை சேருது, அதெல்லாம் மணல் கொண்டு வராதா?

மானாமதுரைக்காரன்:
வரும், யாரு இல்லன்னா? ஓடை மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமா சேக்குறத மிஷின் எவ்வளவு நேரத்துல அள்ளும்னு யோசிங்க. அணையிலருந்து வர்ற தெளிஞ்ச தண்ணிக்கு சொமக்க ஒண்ணும் இல்ல, அதோட வேகம் பூரா படுகைய அரிக்கத்தான் போகும். எகிப்துல 1970ல அஸ்வான் உயர் அணை முடிஞ்சப்புறம் நைல் வண்டல் கடலுக்குப் போறது நின்னு, டெல்டா கரையே அரிச்சுக்கிட்டு இருக்கு.

தேவகோட்டை விவசாயி:
கண்மாயப் பத்தி யாரும் பேசலியே! படுகை எறங்குனா கால்வாய்த் தலைவாய், அதான் ஆத்துலருந்து கால்வாய் பிரியற எடம், மேல நின்னுக்கும், ஆத்துல தண்ணி ஓடும் ஆனா கண்மாய்க்குப் போற வரத்துக்கால்ல ஏறாது, வைகைய நம்பி இருக்குற கண்மாயெல்லாம் காஞ்சு கெடக்கும். இதுல நாங்க கண்மாய்ல வண்டல் அள்றதயும் மணல் அள்றதயும் ஒண்ணாப் போட்டுப் பேசுறாங்க, அது வேற இது வேற. தண்ணி கண்மாய்க்குள்ள விரியறப்ப மணல் வாயிலயே விழுந்துரும், நைசான வண்டல் கரை வரைக்கும் போயிப் படியும், அத வயல்ல போட்டா கண்மாயும் ஆழமாகும் வயலுக்கும் சத்து.

செட்டிநாட்டான்:
சரிங்க, பூச்சு வேலைக்கு நான் என்ன செய்ய? எம்-சாண்ட்ல, அதான் கல்ல ஒடைச்சு மிஷின்ல செய்யற மணல்ல, பூசுனா வெடிக்கும்னு கொத்தனார் தொட மாட்டேங்கிறாரு.

மானாமதுரைக்காரன்:
எம்-சாண்ட் கான்கிரீட்டுக்குண்ணே, பூச்சுக்கு பி-சாண்ட் தனியா இருக்கு. கல் தூசி இல்லாம கழுவுனதாப் பாத்து வாங்குங்க, பூசுனப்புறம் சுவத்துக்கு ஒழுங்கா தண்ணி தெளிக்கச் சொல்லுங்க.

செட்டிநாட்டான்:
கேட்டுப் பாக்குறேன். ஆனா அள்ளவே கூடாதுங்கறத ஒத்துக்க மாட்டேன், ஓடை கொண்டார அளவுக்காவது குடுக்கலாம்ல?

தேவகோட்டை விவசாயி:
தலைவாய் மட்டத்துக்கு மேல படுகை மேடாகிக் கெடக்குற எடத்துல மட்டும்னா சரி, அதுக்குக் கீழ ஒரு சட்டி மணல் கூட எடுக்க விடமாட்டோம்.