குடும்ப குரூப்பில் ஒரு கலங்கல் காலை

அம்மா (6:12): குழாய்ல தண்ணி கலங்கலா வருது. உங்களுக்கும் அப்படியா? குழந்தையக் குளிப்பாட்டணும்

சின்ன மாமா: மாடியில நல்லாத்தான் வருது

பெரியம்மா: 🌹காலை வணக்கம்🌹

நான்: "குளோரின் அதிகமாப் போட்டுட்டாங்க, 10 பேருக்கு அனுப்பவும்"னு ஒண்ணு வந்திருக்கு. நிஜமா மாமா?

பெரிய மாமா: யாருக்கும் அனுப்பாதே. குளோரின் கூடினா முதல்ல மூக்குக்குத் தெரியும். கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு அஞ்சு நிமிஷம் ஆட்டாம வை. அடியிலேர்ந்து மேல தெளிஞ்சா வெறும் காத்து. அடியில படிஞ்சா குழாய்த் துரு, மண்ணு.

அம்மா: எவர்சில்வர்தான் இருக்கு

பெரியம்மா: நான் குடுத்த கண்ணாடி டம்ளர் செட்டு?

அம்மா: அக்கா இப்ப அதுவா

நான்: பால் பாட்டில்ல பிடிச்சேன் மாமா. ரெண்டுமே ஆகல, அப்படியே நிக்குது. பின்னாடி காலண்டர் வெச்சா தேதி மங்கலா தெரியுது

பெரிய மாமா: அப்ப தண்ணி சுத்திகரிக்கிற பிளான்ட்லேர்ந்தே வருது. மழைக்கு ஆறு செம்மண்ணா வந்திருக்கும். அந்தத் துகள் மாவை விட நைசு, எல்லாத்துக்கும் எதிர்மின்னூட்டம், ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே மிதக்கும். படிகாரம் போட்டாத்தான் பஞ்சு பஞ்சாத் திரண்டு படியும். எவ்வளவு போடணும்? ஆறு பீக்கர்ல ஒரே தண்ணி, ஆறு அளவு. ஒரு நிமிஷம் வேகமாச் சுத்தி, 20 நிமிஷம் மெதுவாச் சுத்தி, அரை மணி விட்டுப் பாக்கணும். நேத்து அளவு இன்னிக்கு ஆகாது. கூடப் போட்டா இன்னும் தெளியும்னும் கிடையாது, மின்னூட்டமே மாறி மறுபடி தள்ளிக்கும். மழைத்தண்ணியில காரத்தன்மை வேற கம்மி, படிகாரம் அதையும் தின்னுடும், பி.எச். இறங்கும், சுண்ணாம்பு சேக்கணும்

சின்ன மாமா: அண்ணே குளிக்கலாமா வேணாமா

பெரிய மாமா: அதுக்குத்தான் வர்றேன். மணல் வடிகட்டியைக் கழுவினதும் முதல்ல வர்ற தண்ணிய வெளிய விடணும். அவசரத்துல உள்ள விட்டாலும் இப்படித்தான்

நான்: எங்க ஃபில்டர்ல யூ.வி. இருக்கே மாமா

பெரிய மாமா: கலங்கல்ல ஒளி ஊடுருவாது. குளோரினுக்கும் மண்ணுக்குப் பின்னாடி இருக்கிற கிருமி எட்டாது. அதான் குளோரினுக்கு முன்னாடி கலங்கல் 1 என்.டி.யூ.க்குக் கீழ இருக்கணும்ங்கிறது, என்.டி.யூ.ன்னா கலங்கலை அளக்கிற அலகு. கண்ணுக்கே தெரிஞ்சா 4ஐத் தாண்டிடுச்சு. 1993ல அமெரிக்காவுல மில்வாக்கில வடிகட்டி சரியாப் பிடிக்காம சுமார் 4 லட்சம் பேருக்கு வயித்தால போச்சு

பெரியம்மா: ஐயோ

சின்ன மாமா: பச்சக்குழந்தை வீட்ல சொல்ற கதையா

பெரிய மாமா: துணிய நாலா மடிச்சு வடிகட்டி, தளதளன்னு கொதிக்கவிட்டு, மூடி ஆற வை. பால் பவுடருக்கும் குழந்தையத் துடைக்கவும் அதான்

அம்மா: படிகாரக் கட்டி ஒண்ணு கிடக்கு. வாளியில சுத்தவா?

பெரிய மாமா: இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்

சின்ன மாமா: யார் படிச்சா 😄

அம்மா: என் கல்யாணத்தன்னிக்கும் இதே ஆறுதான். வரேன்னுட்டு பிளான்ட்லயே உக்காந்துட்டே. ஒரு போட்டோல கூட நீ இல்ல

பெரிய மாமா: மண்டபத்துல தண்ணி தெளிவாத்தானே வந்துச்சு

அம்மா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரிய மாமா: தம்பி, உனக்கு நல்லா வருதுன்னா அது மேல்தொட்டியில நேத்துப் பிடிச்ச தண்ணி. மோட்டார் போட்டுடாதே, கலங்கல் மேல ஏறிடும்

சின்ன மாமா: இப்பத்தான் போட்டேன்

அம்மா: நிறுத்துடா!!

சின்ன மாமா: பாதி ஏறிடுச்சு

நான்: புகார் நம்பர் பிஸியாவே இருக்கு

பெரிய மாமா: ஒரு பாட்டில்ல பிடிச்சு நேரம் எழுதி வை. மத்தியானம் தெளிஞ்சுட்டா எங்க கலங்கல்னு கேப்பாங்க. யாராவது பிளான்ட் லேப்ல கொண்டு குடுங்க

சின்ன மாமா: நீங்களே போலாமே அண்ணே, பழைய ஆளுங்க

பெரிய மாமா: ரிட்டயரானவன் போய் நின்னா குறை சொல்ல வந்தான்னு நினைப்பாங்க

அம்மா: தொட்டியை யார் கழுவறது?

சின்ன மாமா: பாகம் பிரிச்சப்ப தொட்டி பொதுன்னுதான் எழுதினோம்

அம்மா: மோட்டார் பொதுவா?

சின்ன மாமா: சாயங்காலம் பேசலாம்க்கா

நான்: பாட்டில் என்கிட்ட இருக்கு. 6:40னு எழுதிட்டேன். யார் வாங்கிக்கிறீங்க?

பெரியம்மா: அந்த டம்ளர் செட்டு ஆறு. எண்ணிப் பாரு