போவது வெறும் தண்ணீர்தானா?

வியாசை பாக்ஸர்: "குத்துச்சண்டைப் போட்டியின் எடைப் பிரிவுக்குள் வர மூன்று நாளில் 4 கிலோ எடை இறக்கினேன், போவது வெறும் தண்ணீர்தான், தசைக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தானே தம்பி? அதில் எரிபொருளாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்தே போகும், அப்புறம் மூன்றாவது ரவுண்டில் கை எப்படி எழும்பும்?

ராயபுரம் தம்பி: நான்தான் எழுதினேன். தண்ணீர்தான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணே. இளநீர், கஞ்சி குடித்தால் மறுநாள் பழைய எடை வந்துவிடுகிறது. தசை போயிருந்தால் ஒரே ராத்திரியில் திரும்புமா?

வியாசை பாக்ஸர்: எடை திரும்பும், கிளைகோஜன் நிரம்ப ஒரு முழு நாளாவது வேண்டும். அமெச்சூர் போட்டியில் காலையில் எடை பார்ப்பார்கள், அன்றைக்கே பவுட், அதாவது சண்டை.

ராயபுரம் தம்பி: பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ல் மல்யுத்த வீரர் அமன் செராவத் 10 மணி நேரத்தில் 4.6 கிலோ இறக்கி வெண்கலம் வாங்கினாரே? போனது தண்ணீர்தான்.

குத்துச்சண்டைப் பிரியன்: அதே பாரிஸில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் எடை வரம்புக்கு மேல் 100 கிராம் கூடி இறுதிப்போட்டியை இழந்தார், அதையும் சொல்லுங்கள்.

ராயபுரம் தம்பி: அது போட்டி விதிமுறையின் தப்பு. தசைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வியாசை பாக்ஸர்: 1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை இறக்கும்போதே செத்தார்கள். என் கதையையும் கேள். மே மாத வெயிலில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடவிட்டார் என் மாஸ்டர். தொடை கல்லாக இறுகிவிட்டது, சாயங்காலம் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனது. தசை நார் உடைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, சிறுநீரகமே போயிருக்கும் என்றார் டாக்டர். அதுவும் தண்ணீரா?

ராயபுரம் தம்பி: உங்கள் மாஸ்டர் மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்டாதீர்கள். என் மாஸ்டர் அப்படி ஓடவிட மாட்டார்.

குத்துச்சண்டைப் பிரியன்: வியாசர்பாடி ஆட்களுக்கு ராயபுரத்தைக் கண்டாலே ஆகாது, பழைய செலக்ஷன் தகராறுதான் இது.

வியாசை பாக்ஸர்: ஏரியாவை இழுக்காதீர்கள். தொடை இறுகிக் கிடந்தது எனக்கு. தம்பி, அது தண்ணீரா, தசையா, அதை மட்டும் சொல்.

ராயபுரம் தம்பி: தண்ணீர்தான் அண்ணே. அடுத்த மாதமும் 4 கிலோ இறக்கத்தான் போகிறேன்.