புதுப்பிப்பு: பழைய .30-06 ரைஃபிளில் குண்டுகள் சிதறிய பிரச்சினை தீர்ந்தது

டெக்சாஸில் மான் வேட்டைக்கு வாங்கிய பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை, .30-06 என்பது அதன் தோட்டா வகை) 100 கஜத்தில் குண்டுகளை ஒரே இடத்தில் போடாமல் ஐந்து அங்குலத்துக்குச் சிதறடிக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் குழலை (பேரலை) சுத்தம் செய்தேன். செம்பு கரைக்கும் திரவம் விட்டுத் துணியைத் தள்ளத் தள்ள நீலப்பச்சையாக வந்துகொண்டே இருந்தது, மூன்று நாள் சாயங்காலம் இதே வேலை. சிதறல் மூன்றரை அங்குலமானது, அவ்வளவுதான். ஸ்டாக் (ரைஃபிளின் கட்டை) திருகுகளை இறுக்கியதில் பெரிய மாற்றமில்லை.

கைகொடுத்தது "ஸ்கோப்பைக் கழற்றி அடித்தட்டைப் பார்" என்ற யோசனை (குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்திருக்கும் தட்டு அது). அந்தத் தட்டின் முன் திருகு தொட்டுப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் நீளம் அதிகம். தட்டைப் பிடிக்கும் முன்பே உள்ளே பேரலின் மரையில் முட்டி நின்றிருக்கிறது! யாரோ கையில் கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். சரியான திருகு போட்டு, டார்க் ரெஞ்சால் (அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கி, மறுபடி ஸீரோ செய்ததும் (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்ததும்) மூன்று குண்டுகள் ஒன்றேகால் அங்குலத்துக்குள்.

எதிர்பாராதது ஒன்று: 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டா இதற்கு ஒத்துவரவில்லை, இரண்டரை அங்குலம் போகிறது. 165தான் பிடித்திருக்கிறது. அப்புறம், பேரல் மெலிசு, நாலாவது குண்டுக்கு மேல் சூடாகி, குண்டு படும் இடம் மேலே ஏறுகிறது, அதனால் ஆறவிட்டுத்தான் சுடுகிறேன்.