மறுநடவு: நிறுத்தப்பட்ட மென்பொருளிலிருந்து வலைத்தளத்தை மாற்றுவதற்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

நான்கு நாள்களாக இவ்விழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டேன். பல ஆண்டுகள் கைப்பழகிய ஒரு வலைத்தள வடிவமைப்பு மென்பொருளை அதை உருவாக்கிய நிறுவனமே நிறுத்திவிடுகிறது. வேறு வழியின்றி அதன் பயனர் தம் தளத்தை இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோகிறார். இந்தச் செயலுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே கேள்வி. ‘இடப்பெயர்ப்பு’, ‘தளமாற்றம்’, ‘குடிபெயர்ப்பு’, ‘மடைமாற்றம்’ என்று நான்கு சொற்கள் வந்துள்ளன. ஐந்தாவதாக ‘மறுநடவு’ என்பதை நான் முன்வைக்கிறேன். ஆனால் சொல்லைத் தேடுவதற்கு முன்னால், அந்தச் செயலில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. இதுவரை வந்த பரிந்துரைகள் பெரும்பாலும் ‘மைக்ரேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளிலிருந்து புறப்பட்டவையாக எனக்குத் தோன்றுகின்றன.

ஃபிரண்ட்பேஜை எடுத்துக்கொள்வோம். வெர்மியர் டெக்னாலஜீஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய அந்த மென்பொருளை 1996 ஜனவரியில் மைக்ரோசாப்ட் வாங்கியது. நிரல் அறியாதவர்களும் வேர்டில் கடிதம் தட்டுவதைப் போல வலைப்பக்கம் செய்ய முடிந்ததால் அது வேகமாகப் பரவியது. 2003 ஆம் ஆண்டுப் பதிப்பே கடைசிப் பதிப்பு. அதற்குப் பின் வலைத்தளம் அமைப்போருக்கு எக்ஸ்பிரஷன் வெப் என்ற மென்பொருளை அதே நிறுவனம் காட்டியது. 2012 டிசம்பரில் அதன் வளர்ச்சியையும் நிறுத்தி, நான்காம் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஆக, நிறுவனம் காட்டிய வழியிலேயே போனவர்கள்கூட ஆறே ஆண்டுகளில் இரண்டாவது முறை மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

எங்கள் ஊர் நூலகத்தின் பழைய தளம் ஃபிரண்ட்பேஜில் செய்யப்பட்டது. மொத்தம் 86 பக்கங்கள். அதை மாற்றும் வேலை என் தலையில் விழுந்தபோது, கோப்புறையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை அடிக்கோட்டுடன் ‘வி, டி, ஐ’ என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் உள்கோப்புறைகள். வெர்மியர் டெக்னாலஜீஸ் இன்கார்ப்பரேட்டட் என்பதன் முதலெழுத்துகள் அவை. விற்கப்பட்டுப் பல ஆண்டுகளான ஒரு நிறுவனத்தின் பெயர் எங்கள் ஊர் நூலகத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது சற்று வேடிக்கையாகவே இருந்தது.

வேலையில் இறங்கிய பிறகுதான் எது உடன் வருகிறது, எது வராது என்பது தெரிந்தது. பக்கங்களில் இருந்த எழுத்துரையும் படங்களும் வந்தன. வருகையாளர் எண்ணிக்கை காட்டும் எண்பலகை வரவில்லை. அது வழங்கியில், அதாவது தளத்தை இணையத்தில் தரும் கணினியில், நிறுவப்பட்டிருக்க வேண்டிய ஃபிரண்ட்பேஜ் நீட்சிகள் என்ற துணைநிரல்களை நம்பி இயங்குவது என்பதால், அந்த நீட்சிகள் இல்லாத புதிய வழங்கியில் எண்பலகை இருந்த இடத்தில் உடைந்த படத்தின் சின்னம் மட்டுமே தெரிந்தது. நூல் முன்பதிவுப் படிவமும் அதே காரணத்தால் செத்துப்போனது. மேல்பட்டையின் கதை இன்னும் நுட்பமானது. ஃபிரண்ட்பேஜ் ஒரே மேல்பட்டைக் கோப்பை வைத்துக்கொண்டு, சேமிக்கும்போதெல்லாம் அதன் படியை எல்லாப் பக்கங்களிலும் தானே ஒட்டிவிடும். எனவே புதிய மென்பொருளில் திறந்தபோது எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. நூலகத்தின் தொலைபேசி எண் மாறிய நாளில்தான், ஒட்டிக்கொடுக்க ஆளில்லாமல் 86 படிகள் 86 பக்கங்களில் தனித்தனியே கிடக்கின்றன என்று புரிந்தது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. பக்கங்கள் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய, தமிழ் எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் திஸ்கிக் குறியாக்கத்தில் இருந்தன. குறியாக்கம் எது என்ற அறிவிப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை, எழுத்துருவின் பெயர் மட்டுமே இருந்தது. புதிய மென்பொருள் அவற்றை மேலை ஐரோப்பிய எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டு, தன் போக்கில் ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்துவிட்டது. அதன்பின் பழைய எழுத்துருவை நிறுவிப் பார்த்தாலும் தமிழ் தெரியவில்லை. மூலக் கோப்புகளின் படி தனியே இருந்ததால் பிழைத்தேன். அவற்றைத் திஸ்கி மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘இடப்பெயர்ப்பு’ என்றால், ஒரு பொருள் ஓர் இடத்திலிருந்து கிளம்பி, அதே பொருளாக மற்றோர் இடத்தில் போய்ச் சேர்கிறது என்று பொருள். ஒரு வழங்கியிலிருந்து இன்னொரு வழங்கிக்குக் கோப்புகளை அப்படியே படியெடுக்கும் வேலைக்கு அச்சொல் முற்றிலும் பொருந்தும். அதை அங்கேயே விட்டுவைப்போம். நாம் பெயர் தேடும் செயலில் பொருள் அப்படியே போய்ச் சேர்வதில்லை. அடோபி நிறுவனம் நிறுத்திய மியூஸ் என்ற வலைத்தள வடிவமைப்பு மென்பொருள் இதற்கு இன்னும் தெளிவான சான்று. தளம் முழுவதும் அதற்கே உரிய ஒரு கோப்பில் இருக்கும். அதிலிருந்து வலைப்பக்கங்களை வெளியே எடுக்கலாம், எடுத்தவற்றை மீண்டும் மியூஸுக்குள் கொண்டுவர முடியாது. அந்தக் கோப்பை வேறு மென்பொருள்களில் திறந்து பழையபடி திருத்தவும் வழியில்லை. வெளியே எடுத்த பக்கங்களோ, மனிதர் திருத்துவதற்கென்று எழுதப்பட்டவை அல்ல. ஆகவே மியூஸ் பயனர்கள் செய்தது பெயர்ப்பு என்பதைவிட, பழைய தளத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்துப் புதிதாகக் கட்டியது என்பதே சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பர் கூறிய காரணமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘இடம்பெயர்ந்தோர்’ என்றதும் ஈழத்து வாசகருக்கு முகாமும் போரும்தான் நினைவுக்கு வரும். ‘குடிபெயர்ப்பு’ என்பதும் அந்த நிழலிலிருந்து முழுதும் தப்பாது. கலைச்சொல் ஒன்று தன் துறைக்கு வெளியே என்ன நினைவுகளை எழுப்புகிறது என்பதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று இன்னொரு நண்பர் வாதிட்டார். அது எல்லாச் சொற்களுக்கும் பொருந்தாது என்பது என் கருத்து. மாற்றுச் சொல்லே இல்லாத இடத்தில் வேண்டுமானால் அவ்வாறு சொல்லலாம்.

‘தளமாற்றம்’ சுருக்கமானது, ஆனால் பொருள் மயங்குகிறது. மாறுவது தளமா, தளத்தை ஆக்கும் கருவியா? நம் நிகழ்வில் தளம் மாறக்கூடாது என்பதுதானே பயனரின் கவலை முழுவதும்! ‘மடைமாற்றம்’ அழகான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு வாய்க்காலில் வரும் நீரை இன்னொரு வாய்க்காலுக்குத் திருப்பும் அச்செயல், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கே பொருந்துகிறது. அதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘வழிமாற்று’ என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. இருக்கும் சொல்லைக் கலைக்க வேண்டாம்.

இனி ‘மறுநடவு’. சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்தில் நிற்கும் ஆலமரத்தையோ அரசமரத்தையோ வெட்டிச் சாய்க்காமல், வேரோடு எடுத்துப் போய் வேறிடத்தில் நடுவதை நம் நாளிதழ்கள் ‘மறுநடவு’ என்றே எழுதுகின்றன. அந்த வேலை நடக்கும்போது நின்று பார்த்தவர்களுக்கு இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். முதலில் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். பிறகு மரத்தைச் சுற்றி அகழ்ந்து, வேரைப் பற்றியிருக்கும் மண்ணை உருண்டையாகவே விட்டுச் சாக்கால் கட்டுவார்கள். பக்கவேர்கள் அறுபடும். பளுதூக்கியால் தூக்கிக்கொண்டுபோய், முன்கூட்டியே வெட்டி வைத்த குழியில் இறக்கி, துளிர் விடும்வரை நீர் ஊற்றிக் காத்திருப்பார்கள். எல்லா மரமும் பிழைப்பதில்லை.

எங்கள் நூலகத் தளத்தில் எண்பலகையும் படிவமும் கழித்துவிட்ட கிளைகள். எழுத்துரையும் படங்களும் பக்கங்களின் முகவரிகளும் வேரோடு கட்டிக்கொண்டு வரவேண்டிய மண். முகவரிகளை நான் குறிப்பாகச் சேர்ப்பதற்குக் காரணம், அவற்றைப் பலரும் கிளை என்று நினைத்துக் கழித்துவிடுகிறார்கள். பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளும் தேடுபொறிகள் சேர்த்துவைத்த இடமும் அந்த முகவரிகளைத்தான் பற்றிக்கொண்டிருக்கின்றன. அவை மாறினால் தளம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வருவோர் மட்டும் இருக்கமாட்டார்கள். புதிய மென்பொருள் பழைய முகவரி வடிவத்தை ஏற்காவிட்டால், அப்போது ஒவ்வொன்றுக்கும் வழிமாற்று எழுதியே ஆக வேண்டும்.

இச்சொல்லுக்கு எதிராக மூன்று தடைகளை நானே எழுப்பிப் பார்த்தேன்.

முதலாவது, இதிலிருந்து தனி வினை பிறக்கவில்லை. ‘மறுநட்டேன்’ என்று யாரும் பேசமாட்டார்கள். ‘மறுநடவு செய்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் ‘பதிவிறக்கம் செய்’ என்று நாள்தோறும் சொல்லும் நாம் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை. இரண்டாவது, உழவுச் சொல்லைக் கணினிக்குக் கொண்டுவந்தால் சிரிப்பார்களே என்பது. சொல்லை உழவனின் நாற்றங்காலிலிருந்து எடுத்தால் சிரிப்பு, எலியின் பெயரைச் சுட்டிக்கு ஆங்கிலத்தார் வைத்தால் நவீனமா என்று கேட்கத் தோன்றுகிறது; அதை வாதமாக வளர்க்கவில்லை. மூன்றாவதுதான் வலுவான தடை: மரத்தை நடும்போது மரம் அதே மரமாக இருக்கிறது, மியூஸ் தளமோ புதிதாகக் கட்டப்படுகிறது, அப்படியானால் ‘மறுகட்டல்’ என்பதல்லவா நேரான சொல்? இதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். மறுகட்டலில் பழைய கட்டடம் இடிந்துபோயிருக்கலாம், பழைய செங்கல் ஒன்றுகூட மிஞ்சாதிருக்கலாம். நாம் சொல்லும் செயலிலோ பழைய தளத்தின் உள்ளடக்கம் உயிரோடு வந்து சேரவேண்டும் என்பதே நோக்கம். தோற்றத்தைக் கட்டும் வேலை அதற்கு ஓர் ஊழியம் மட்டுமே. எனவே தோற்றத்தை மட்டும் புதிதாக்கும் பணிக்கு ‘மறுகட்டல்’ இருக்கட்டும்.

சொல்லை வாக்கியங்களில் வைத்துப் பார்ப்போம். “மறுநடவுக்கு முன் மூலக் கோப்புகளின் படியைத் தனியே வைத்துக்கொள்ளவும்.” “இம்மென்பொருளில் மறுநடவு வசதி இல்லை.” “86 பக்கங்களின் மறுநடவு முடிய ஆறு வாரங்கள் ஆயின.” மூன்றிலும் நாக்கு தடுக்கவில்லை; கூட்டுச்சொல்லாகும்போதும் ‘மறுநடவுக் கருவி’, ‘மறுநடவுத் திட்டம்’ என்று இயல்பாகவே புணர்கிறது.

இதனோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய இன்னொரு சொல்லும் உண்டு. மென்பொருள் ‘நிறுத்தப்பட்டது’ என்று நான் மேலே தாராளமாக எழுதியிருக்கிறேன்; நடப்பில் அது ஒரே நாளில் நிகழ்வதில்லை. மியூஸுக்குப் புதிய வசதிகள் சேர்ப்பதை 2018 மார்ச் 26 அன்று அடோபி நிறுத்தியது; தொழில்நுட்ப ஆதரவு 2020 மார்ச் 26 அன்றுதான் முடிந்தது. இடைப்பட்ட ஈராண்டில் அந்த மென்பொருள் நின்றுவிட்டதா, நிற்கவில்லையா? ‘ஆயுள் முடிவு’ என்று சொன்ன நண்பருக்கு என் பணிவான மறுப்பு இதுதான்: ஆயுள் ஒரு கணத்தில் முடிவது. எனவே ‘ஆக்கநிறுத்தம்’, ‘ஆதரவுநிறுத்தம்’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வோம். ஐபோன்களும் மேக்குகளும் செய்யும் நிறுவனத்தின் ஐவெப் போல, மென்பொருளோடு ஒட்டிய தள இடமே மூடப்படும் நிகழ்வுக்கு ‘சேவைநிறுத்தம்’ என்ற மூன்றாம் சொல்லும் தேவை. ஐவெப் தளங்கள் பல குடியிருந்த மொபைல்மீ 2012 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. அன்றைக்குள் மறுநடவு செய்யாதவரின் தளம் இணையத்திலிருந்து மறைந்தது. பயனருக்கு இருக்கும் கால அவகாசம் மூன்றிலும் வெவ்வேறு என்பதால் இப்பிரிப்பு வெறும் நுணுக்கம் பார்ப்பதாகாது.

‘கைவிடல்’ என்ற சொல்லை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அறிவிப்பு எதுவுமின்றி, நாளடைவில் பராமரிப்பாளர் இல்லாமல் போகும் திறமூல மென்பொருள்களுக்கு அது பொருந்தும். என்வியூ என்ற திறமூல வலைத்தள வடிவமைப்பு மென்பொருளின் வளர்ச்சி நின்றபோது, மூலநிரல் திறந்திருந்ததால் வேறு சிலர் அதை எடுத்துக் கொம்போசர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். நிறுவனம் நிறுத்தியதை அப்படி யாரும் எடுத்து வளர்க்க முடியாது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

‘ஆதரவுநிறுத்தம்’ என்பதை ஒரே சொல்லாக எழுதுவதா, இடைவெளி விட்டு எழுதுவதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் உறுதி ஏற்படவில்லை. தனியே எழுதினால், விரைந்து படிப்பவர் “ஆதரவு நிறுத்தம்” என்பதைப் பேருந்து நிறுத்தத்தின் பெயராகப் படித்துவிடுவாரோ என்ற அச்சம் இருக்கிறது. ஒரே சொல்லாக எழுதுவதற்கே என் வாக்கு. மாற்றுக் கருத்துள்ளோர் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால், திங்களன்று ‘மறுநடவு’, மூன்று ‘நிறுத்தங்கள்’ ஆகிய நான்கு சொற்களையும் விளக்கத்துடன் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
நூலகத் தளத்தின் பராமரிப்பாளன்