பரளிக்காட்டுப் பரிசல்: ஊரார் பங்கேற்பா, கூலி வேலையா?

காரமடைக்காரன் எழுதியது:

கோவை அருகே உள்ள பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில் வனத்துறை நடத்தும் பரளிக்காடு சூழல் சுற்றுலாவை ஊர்மக்களின் சுற்றுலா என்று அழைப்பது தகுமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். தகும் என்றே நான் கருதுகிறேன். அங்கே பரிசல் ஓட்டுபவர்கள் சுற்றியுள்ள இருளர் குடியிருப்புகளைச் சேர்ந்த ஆண்கள். வருவோருக்குச் சுக்குக் காபி கொடுத்து, ராகிக் களியும் குழம்பும் சமைத்துப் பரிமாறுபவர்கள் அதே ஊர்ப் பெண்கள். கூலி வேலை தேடிக் காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இறங்கிச் செல்ல வேண்டியிருந்த குடும்பங்களுக்குச் சொந்த ஊரிலேயே சனி, ஞாயிறுகளில் வருமானம் கிடைக்கிறது என்றால், அந்த மக்கள் அதை ஆதரிப்பதில் வியப்பென்ன? அந்த ஆதரவை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஐயுறுவது முறையல்ல.

மலையடிவாரம் எழுதியது:

ஐயா, மக்களின் ஆதரவை நான் ஐயுறவில்லை. ஆதரவு வேறு, பங்கேற்பு வேறு என்றுதான் சொல்கிறேன். எத்தனை பேரை அனுமதிப்பது, கட்டணம் எவ்வளவு, எந்தக் காலத்தில் நிறுத்தி வைப்பது ஆகிய மூன்றையும் முடிவு செய்வது யார்? முன்பதிவும் கட்டணமும் துறையின் கையில் இருக்கும்போது, துடுப்புப் போடுகிறவருக்கும் அடுப்படியில் நிற்கிறவருக்கும் கிடைப்பது உழைப்புக்கான ஊதியமே தவிர, உரிமையாளருக்கான பங்கு அன்று. அணை நீர் வற்றினாலும் காட்டுத்தீக் காலத்தில் வனப்பகுதி மூடப்பட்டாலும் முதலில் வருமானம் இழப்பவர்கள் அவர்கள்தாம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேன், நெல்லிக்காய், சீயக்காய் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காட்டில் வாழும் சமூகங்களுக்கு அளித்ததோடு, காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபையிடம் கொடுத்திருக்கிறது. அந்தக் காட்டைக் காட்டிப் பணம் ஈட்டும் சுற்றுலாவில் மட்டும் கிராம சபைக்கு வாய் இல்லாமல் போவது ஏன் என்பதே என் கேள்வி.

தேனி வாசகி எழுதியது:

எங்கள் மாவட்டத்தை ஒட்டிக் கேரளத்தில் உள்ள தேக்கடியின் அனுபவம் இந்த விவாதத்துக்கு உதவும். அங்குள்ள பெரியார் புலிகள் காப்பகக் காட்டில் களவாக மரப்பட்டை உரித்து விற்று வழக்குகளில் சிக்கியிருந்தவர்கள், 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாகத் திரண்டு, பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். கடத்தல் தடங்களையெல்லாம் அறிந்தவர்கள் என்பதால் அவர்களின் காவலுக்குத் தனி மதிப்பு இருந்தது. மன்னான், பளியர் பழங்குடிச் சமூகத்தினரும் தத்தம் குழுக்களின் வழியே இதில் பங்கு பெற்றார்கள். வசந்தசேனை என்ற பெயரில் அங்கே பெண்கள் முறை வைத்து, ஊதியம் எதுவும் பெறாமல், காட்டைச் சுற்றி வந்தார்கள் என்பதை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன்; கூலிக்காக மட்டும் ஆதரிப்பவர்கள் அப்படி நடக்க மாட்டார்கள். வருமானத்துடன் பொறுப்பும் பெயரும் குழுவுக்கு வந்து சேர்ந்ததே இதற்குக் காரணம் என்பது என் துணிபு.

காரமடைக்காரன் எழுதியது:

தேக்கடி ஆண்டு முழுவதும் வெளிநாட்டவரும் வந்து குவியும் இடம். பரளிக்காடு வார இறுதியில் மட்டும் நடக்கும் சிறிய ஏற்பாடு. கோவைக்குக் குடிநீர் தரும் அணையில் அதைப் பெரிதாக்கவும் கூடாது. உயிர்காப்பு உடை, விபத்துப் பொறுப்பு, யானை நடமாட்டம் பற்றிய எச்சரிக்கை ஆகியவற்றையெல்லாம் ஓர் ஊர்க்குழு தனியாகச் சுமக்க முடியுமா? 2018இல் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்ட பிறகு, துறையின் கண்காணிப்பைத் தளர்த்தச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

மலையடிவாரம் எழுதியது:

கண்காணிப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை, ஐயா. பாதுகாப்பு துறையிடமே இருக்கட்டும். கணக்கு மட்டும் ஊருக்குத் திறந்திருக்கட்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களைத் திறந்து, பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் அளித்தது. இனி இப்படிப்பட்ட ஏற்பாடுகள் பெருகும் என்பதால்தான் இதை இப்போதே வற்புறுத்துகிறேன். பருவம் தொடங்குமுன் கட்டணத்தையும் ஆள் எண்ணிக்கையையும் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். பருவம் முடிந்ததும் வரவு, செலவு, ஊர்ப் பங்கு ஆகியவற்றை அதே சபையில், சமைத்த பெண்களும் அமர்ந்திருக்க, வாய்விட்டுப் படிக்க வேண்டும். இதில் எந்தப் பகுதி நடைமுறைக்கு ஒவ்வாது என்று நீங்கள் கருதுகிறீர்கள்?