முட்டு (முழங்கால் மூட்டு) மாற்று அறுவை: இப்போதே செய்யலாமா, தள்ளிப்போடலாமா?

தக்கலை_மகள்:
அம்மாவுக்கு 66 வயது. முப்பது வருஷம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், குந்தியிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தவர். இப்போது படி ஏற முடியவில்லை, ராத்திரி வலியில் உறக்கமும் இல்லை. வலது முட்டில் எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். பிசியோ (பயிற்சி சிகிச்சை) போதும் என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்?

பால்வெட்டு_குலசேகரம்:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. டென்மார்க்கில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று. முட்டு மாற்றும் நிலையில் இருந்த 100 பேரில் பாதிப் பேருக்கு அறுவையும் பயிற்சியும், மீதிப் பேருக்கு 12 வாரம் பயிற்சி, எடைக்குறைப்பு, வலிமாத்திரை மட்டும். இரண்டாம் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு வருஷத்தில் அறுவைக்குப் போகவே இல்லை. அப்புறம் ஏன் அவசரம்?

மார்த்தாண்டம்_மூத்தவன்:
அண்ணாச்சி, பாதியை விட்டுவிட்டீர்கள். அதே ஆய்வில் வலி குறைந்ததும் நடை தேறியதும் அறுவை செய்தவர்களுக்குத்தான் கூடுதல். எங்கள் அம்மாவுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்தே ஆறு வருஷம் இழுத்தோம். கால் வில்லாக வளைந்தது, தொடை சூம்பியது. கோயிலுக்குப் போவதுகூட நின்றுபோனது. அறுவை நன்றாகத்தான் நடந்தது, ஆனால் கம்பை விட்டு நடக்க ஆறு மாதம் ஆனது. வீணாய்ப்போன அந்த வருஷங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பால்வெட்டு_குலசேகரம்:
புரிகிறது தம்பி. ஆனால் தைலம் போட்டுக் காத்திருப்பது பயிற்சி ஆகாது. அந்த ஆய்வில் கடுமையான பாதிப்புகள் அறுவைக் கூட்டத்தில் 24, மற்றதில் 6. ரத்தம் கட்டுவது, முட்டு விறைப்பது எல்லாம் அதில் உண்டு. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்காமல் மேசையில் ஏறக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

பிசியோ_நாகர்கோவில்:
அக்கா, வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் முட்டைத் தாங்குவது தொடைத் தசைதான். இன்றைக்கே தொடங்குங்கள். அறுவைக்கு முன் பலமான தொடை, பின்னால் சீக்கிரம் தேறும். இப்போதெல்லாம் அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கெடுப்பது. வலிக்கிறதே என்று முட்டுக்கு அடியில் தலையணை வைப்பார்கள், கால் முழுசாக நீளாமலே நின்றுவிடும். துணியைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முட்டைக் கட்டிலோடு அழுத்தச் சொல்லுங்கள். சுமார் 90 டிகிரி மடங்கினால் நாற்காலியில் இருந்து சிரமமில்லாமல் எழலாம்.

ரோபோ அறுவை என்றால் எலும்பைத் துல்லியமாக வெட்ட உதவும், அவ்வளவுதான். மடக்கி நீட்டுவது அம்மாதான் செய்ய வேண்டும். செயற்கை முட்டுக்கு 2017இல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது, அதனால் பில்லில் அதன் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ராத்திரி வலி நிற்கவில்லை என்றால் தள்ளாதீர்கள்.

தக்கலை_மகள்:
சரி, மூன்று மாதம் நானே கூட இருந்து செய்ய வைக்கிறேன். அறுவை செய்தால் அரிவாள்மனையில் குந்தி மீன் வெட்டலாமா என்று கேட்கிறார் அம்மா.

மார்த்தாண்டம்_மூத்தவன்:
குந்துவது வேண்டாம் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். அடுப்பங்கரையில் இடுப்பளவுக்கு மேடை கட்டிக் கொடுத்தோம். அம்மா இப்போது நின்றுகொண்டே சாளை வெட்டுகிறார்.